ஆணியில் தொங்கிய அரிதட்டு

யன்னல் கம்பி அடிக்கிற தொழில் கள்ளனை நம்பி நடக்கிற தொழில். மன்னாரில் கள்ளர் எல்லாரும் ஒருநாள் திருந்தினால், அடுத்த நாள் நான் பட்டறையை மூடவேண்டியதுதான். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் அடியும் ஏச்சும் வாங்கி வெல்டிங் பழகினேன். பேரம் பேசப் பழகினது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, ஒருவரும் ஒன்றையும் சும்மா தராத நாட்களில். கோபம் மட்டும் பழகாமலே வந்தது. கடையில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து மனிசியிடம் வாங்கிக் கட்டுகிற ஆட்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

யன்னலுக்குள் ஒரு கதவு

தோட்டவெளியில் ஒரு ரீச்சர் ஆறு யன்னலுக்குக் கிறில் கேட்டார். படுக்கையறைக் கிறிலில் மட்டும் ஓர் ஆள் நுழையக்கூடிய கதவு வேண்டுமாம். உள்ளேயிருந்து பூட்டும் திறப்பும் இல்லாமல், கொளுக்கியைத் தட்டினால் திறக்கவேண்டுமாம். எனக்கு ஏறிவிட்டது. "கள்ளனுக்குக் கதவு வைக்கிறதெண்டால் என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்? வாசலைத் திறந்து போட்டிட்டுப் படுங்கோவன்!" என்றேன்.

ரீச்சர் கோபப்படவில்லை. வகுப்பில் என்னைப்போல எத்தனை பேரை மேய்த்திருப்பார்! "தம்பி, கள்ளன் உள்ளுக்கு வாறதைத்தான் நீர் யோசிக்கிறீர். நெருப்புப் பத்தினால் நாங்கள் வெளியில வாறதை ஆர் யோசிக்கிறது?" என்றார். முணுமுணுத்துக்கொண்டு அடித்துக் கொடுத்தேன்.

வீட்டில் இதை நக்கலாகச் சொன்னேன். என் மனிசி ஜெசிந்தா சிரிக்கவில்லை. "ரீச்சர் சொன்னது சரிதானே. எங்கட அறைக்கும் ஒண்டு வையுங்கோவன்."

அலுமாரிக்குள் தீயணைப்பான்

ரீச்சர் சொன்னது மண்டையில் நின்றதோ என்னவோ, கம்பியோடு தீயணைப்பானும் வாங்கி விற்கத் தொடங்கினேன். முசலிப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் நானா ஒன்று வாங்கினார். இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது, "எங்க நானா அது?" என்று கேட்டேன். அலுமாரியைக் காட்டினார். பொலித்தீனும் கழற்றாமல் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது. திறப்பு அவருடைய மனைவியிடம். மனைவி மகள் வீட்டில்.

தெருவெல்லாம் கேட்கக் கத்தினேன். கைக்கு எட்டுகிற சுவரில், அடுப்புக்குப் பக்கத்திலே அல்ல, கதவுக்குப் பக்கத்திலே கொழுவவேண்டும் என்று விரலை நீட்டிப் பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகத் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். "கோவிக்காதீங்க தம்பி. நெருப்பு வந்தா திறப்பைத் தேடி எடுக்கமாட்டமா?"

வெறும் ஆணி

ஊருக்குப் பாடம் எடுத்தவன் வீட்டில் வைக்காமல் இருப்பேனா? சமைக்கிற குசினியின் கதவருகே எங்களுக்கும் ஒன்று ஆணியில் கொழுவியிருந்தேன். அதை எப்படிக் கையாளுவது என்று ஜெசிந்தாவுக்கும் காட்டிக் கொடுத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பாள்.

பாப்பாமோட்டையில் இருந்து ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் வந்தார். கம்பி வேலை முழுவதும் தருகிறேன், ஆனால் தீயணைப்பான் இன்றைக்கே வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். கடையில் ஒன்றும் இல்லை. கைக்கு வந்த பேரத்தை விட்டுப் பழக்கம் இல்லாதவன் நான். வீட்டுக்கு ஓடி, சுவரில் இருந்ததைக் கழற்றி, தூசி துடைத்துப் புதிது என்று கொடுத்தேன். வேறு ஒன்று வந்ததும் கொழுவலாம் என்று நினைத்தேன். வந்தவை எல்லாம் விற்றுக்கொண்டே போயின. வெறும் ஆணியில் ஜெசிந்தா மா அரிக்கிற அரிதட்டைக் கொழுவினாள். "இந்த வீட்டில விக்காமல் மிஞ்சியிருக்கிறது நானும் பிள்ளையும்தான்."

அம்புக்குறி

மகள் அனுஷா ஏழாம் வகுப்பு. நெருப்புப் பிடித்தால் வீட்டில் இருந்து எப்படி வெளியேறுவது என்று படம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்களாம் பள்ளிக்கூடத்தில். அடிமட்டம் வைத்து வீட்டைக் கீறினாள். ஒவ்வொரு அறையில் இருந்தும் இரண்டு வழி இருக்கவேண்டுமாம். புகைக்குள் குனிந்து தவழ்ந்து போகவேண்டுமாம். வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடவேண்டும் என்று கேற்றடி வேப்பமரத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். எங்களையும் தவழ்ந்து பார்க்கச் சொன்னாள். தாய் தவழ்ந்தாள். எனக்கு வேலை இருந்தது.

படுக்கையறைக்கு வந்ததும் பேனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இந்த யன்னலால வர ஏலாதே. ரெண்டாவது அம்புக்குறியை எங்க போடுறது?"

முன்கதவுப் பக்கம் போடு, கிறிலைப் பிறகு பார்ப்போம் என்றேன்.

நறுவிலிக்குளத்துக் கேற்

அன்று ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்திருந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் மகளும் வீட்டில். நான் நறுவிலிக்குளத்தில் ஒரு கேற்றுக்கு விலை பேசப் போகவேண்டும். வருத்தக்காரியை எழுப்பிக் கதவு பூட்டச் சொல்ல மனம் வரவில்லை. முன்கதவுக்கு வெளியே நான் அடித்த கிறில் கதவை இழுத்து, ஆமைப்பூட்டைப் போட்டு, திறப்பைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனேன். அன்புதான் அது. சத்தியமாக அன்பில்தான் பூட்டினேன்.

விலை பேசும்போது போன் எடுக்கிறவன் தோற்றான் என்பது என் கொள்கை. நான்கு தரம் அடித்தது. நான்கு தரமும் வெட்டினேன். "வீட்டில இருந்து போல, எடுங்கோ அண்ணை" என்றார் கேற்றுக்காரர். "அவளுக்கு வேற வேலை இல்லை" என்றேன். பிறகு போனை ஓஃப் பண்ணினேன். பேரத்தில் வென்றேன்.

அந்த நேரம் வீட்டில் ஜெசிந்தா கஞ்சி சூடாக்க எழும்பியிருக்கிறாள். காஸ் குழாயில் வெடிப்பு விழுந்திருந்ததை நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. குப்பென்று பிடித்தவுடன் அவளுடைய கை பழக்கத்தில் அந்த ஆணிக்குத்தான் போனதாம். கையில் வந்தது அரிதட்டு. ஈரப் போர்வையைப் போட்டுப் பார்த்தாள். வலது கையில் நெருப்புப் பற்றியது. பின்கதவு குசினிக்கு அப்பால். முன்கதவில் என் பூட்டு. பிள்ளையைத் தவழவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் துணி அடைத்து, பிள்ளை எனக்குப் போன் அடிக்க அடிக்க, யன்னலில் நின்று கத்தியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணை, கடற்தொழில் செய்கிறவர், அலவாங்கோடு ஓடி வந்தார். கிறிலை நெம்பினார், நெம்பினார், அசையவில்லை. கடைசியில் யன்னலைச் சுற்றிச் சுவரை இடித்துத்தான் இரண்டு பேரையும் இழுத்தெடுத்தார். மற்ற ஆட்கள் பின்பக்கத்தால் மணலை வாரிக் கொட்டினார்கள்.

நான் வந்தபோது குசினி கரியாக நின்றது. ஜெசிந்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மகள் தான் கீறின படத்தில் வட்டம் போட்ட இடத்தில், வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். மற்ற இரண்டு பேரும் அங்கே வருவார்கள் என்று நின்றிருக்கிறாள். அந்தோனி அண்ணை என்னை ஏசவில்லை. தன் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நல்ல கம்பி தம்பி. நல்லாத்தான் அடிச்சிருக்கிறாய்."

திரும்பிப் போகிற வேலை

ஜெசிந்தாவின் வலது கையில் மூன்று விரல் மடங்காது. இப்போது காஸ் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே நிற்கிறது. வெளிப்பூட்டு இல்லை. படுக்கையறைக் கிறிலில் ஒரு கதவு வைத்திருக்கிறேன், இடது கையால் தட்டினாலும் திறக்கிற கொளுக்கியோடு. மாதம் ஒருதரம் மகள் விசில் ஊதுவாள். மூன்று பேரும் தவழ்ந்து, யன்னலால் இறங்கி, வேப்பமரத்தடிக்குப் போகவேண்டும். நான்தான் கடைசியாகப் போய்ச் சேருகிறேன்.

முன்பு நான் கம்பி அடித்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ச் சும்மா கதவு வெட்டிக் கொடுக்கிறேன். சும்மா என்றதும் ஆட்களுக்குச் சந்தேகம். பழைய கம்பியில் என்ன பிழை விட்டாய் என்று கேட்கிறார்கள். முன்பென்றால் சண்டை பிடிப்பேன். இப்போது, பெரிய பிழை என்றுவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.

போன கிழமை புதுத் தீயணைப்பானைக் கொண்டுவந்து அந்த ஆணியில் கொழுவினேன். ஜெசிந்தா இடது கையால் அதைக் கழற்றிப் பார்த்து, திரும்பக் கொழுவினாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "ஆரும் நல்ல விலை கேட்டால், எங்களுக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டு வில்லுங்கோ."

என் கம்பியைத் தாண்டி இன்றுவரை ஒரு கள்ளனும் ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை. வெளியே வர முடியாமல் நின்றது என் மனிசியும் பிள்ளையும் மட்டும்தான்.