சல்லடை வழியே ஒரு முகம்

எழுபதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்குப் பழைய ஹிந்திப் படங்கள் என்றால் உயிர். மெயின்கார்டு கேட் பக்கத் தியேட்டர் ஒன்றில் ஞாயிறு காலைக் காட்சியாக, ஒரே ஒரு நாள் மட்டும் போடுவார்கள். ஒன்றையும் விடமாட்டேன்.

இத்தனைக்கும் ஹிந்தியில் எனக்குத் தெரிந்தது 'அச்சா', 'நஹி' இரண்டுதான். ஆனால் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது ஆபீஸ் தோழிகளுக்கு முழுக்கதையும் வசனத்தோடு சொல்வேன். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் ஹிந்தி தெரியாது என்பதுதான் என் தைரியம்.

அன்று பக்கத்து இருக்கையில் நாற்பது வயதுப் பெண் ஒருவர். இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி! நடிகை என்று நினைப்பு போலும் என்று மனதுக்குள் கிண்டல் செய்தேன். படம் ஆரம்பித்துச் சிறிது நேரத்தில், "என்னங்க நடக்குது?" என்று என்னிடம் கேட்டார். விடுவேனா? "பொண்ணோட அப்பா கல்யாணத்துக்கு ஒத்துக்க மாட்டேங்கிறாருங்க" என்று அவிழ்த்துவிட ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டவர் மெல்ல என் கையைத் தொட்டார்.

"அவர் ஒத்துக்கிட்டுத்தான் அழறாருங்க. பத்து வருஷம் ஜபல்பூர்ல இருந்தோம், பேசறது எனக்குப் புரியுது. கண்ணுதான் சரியில்ல. ஒரு கை தூரத்துக்கு அப்பால எல்லாம் மங்கல். நீங்க பாக்கறதை மட்டும் சொல்லுங்க போதும். இதுல ஒரே ஒரு சீனுக்காகத்தான் வந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நான் போனால் அந்த சீனை அவருக்கு யார் சொல்வது? உட்கார்ந்தே இருந்தேன். பார்த்ததை மட்டும் சொன்னேன்.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி மொட்டை மாடிக்கு வந்தாள். "கையில சல்லடை வச்சிருக்காங்க. மாவு சலிக்கப் போறாங்க போல" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தப் பக்கத்து மனைவிகள் வருஷத்தில் ஒரு நாள் பகல் முழுக்க விரதமிருந்து, இரவில் சல்லடை வழியாக நிலாவையும் பிறகு கணவன் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்களாம். அங்கே இருந்தவரை இவரும் அப்படி இருந்தாராம். "இதாங்க அந்த சீன். அவ முகத்தைச் சொல்லுங்க" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சல்லடையை இறக்கறாங்க. சிரிக்கல. கண்ணு நிறைஞ்சிருக்கு, ஆனா விழல. இப்பத்தான் உதட்டோரமா லேசா சிரிப்பு வருது..." திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்லிக்கொண்டே போனேன். அந்த நடிகையின் படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். புடவையையும் கொண்டையையும்தான் பார்த்திருக்கிறேன். அவர் எப்பேர்ப்பட்ட நடிகை என்று அன்றுதான் தெரிந்தது.

படம் முடிந்து அவரை வாசலுக்கு அழைத்து வந்தேன். சினிமாவே பிடிக்காத அவர் கணவர், வெயிலில் குடையோடு காத்திருந்தார். கணவர் பக்கத்தில் வந்ததும், இந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல்களை விரித்து முகத்துக்கு நேரே பிடித்து, இடுக்கு வழியாக அவரையே பார்த்தார்.

"என்ன, கண்ணு கூசுதா?" என்று கேட்டார் கணவர்.

"இல்லைங்க, சும்மாதான்."

மறுநாள் ஆபீசில் கதை கேட்டவர்களிடம், எனக்கு ஹிந்தி தெரியாது என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டு, அந்த முகத்தை மட்டும் சொன்னேன். இன்றைக்கும் பழைய ஹிந்திப் படம் எதைப் பார்த்தாலும், பக்கத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கக் காத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.