தொட்டியில் விட்டுவைத்த கோடு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் கும்மிடிப்பூண்டியில் பழைய மீன் தொட்டி ஒன்று வாங்கினேன். அதன் உப்புக்கறையை எடுக்க வந்தவருடைய விரல்கள் வினிகரில் ஊறி வெளுத்திருந்தன. துடைக்கும் முன் ஒவ்வொரு கறைக் கோட்டையும் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"மேல தடிப்பா கீது பாருங்க சார், அதுவரிக்கும் தண்ணி ஊத்திக்கினே இருந்துருக்காங்க. அப்பால ஊத்தவேயில்ல. தானா காஞ்சி, வரிவரியா எறங்கிக்கீது."

"வெளியூர் போயிருப்பாங்க."

"மீனை உட்டுட்டா போவாங்க? உங்க ஊட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

அவர் கை நின்றது. பிறகு எல்லாவற்றையும் துடைத்தார், தடிப்புக்குக் கீழிருந்த முதல் கோட்டைத் தவிர.

"இது இருக்கட்டும் சார். தண்ணி இதுக்குக் கீழ எறங்குச்சின்னா கதவைத் தட்டச் சொல்லி பக்கத்து ஊட்ல சொல்லி வைங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்லி வைத்தேன். பக்கத்து வீட்டம்மா இன்றும் ஜன்னல் வழியே முதலில் தொட்டியைப் பார்க்கிறார். பிறகுதான் என்னை.