ஒகேனக்கலுக்கு ஒரு பச்சைப் புடவை

சாதத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தபோது அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, ஞாயித்துக்கிழமை அப்பா என்னைய ஒகேனக்கலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாருங்க. கார்லயே சுத்திப் பாத்துப்போட்டு வாரோமுங்க!" சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கோ, கையிலிருந்த பழ வாசனையோடு முப்பது வருஷத்துக்கு முந்தைய மலைப்பாதை ஒன்று கண்முன் வந்து நின்றது.

எனக்குக் கார் ஆகாது. நாலு வளைவு வந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் அன்று ஒகேனக்கலுக்கு எடப்பாடியில் கிளம்பும்போதே அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மோந்துக்கிட்டே வா அம்மிணி" என்றான். பழைய அம்பாசடர், அண்ணன்தான் ஓட்டினான். அம்மாவைப் பின்னால் தள்ளிவிட்டு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன். மேல்படிப்புக்குக் கோவையில் இடம் கிடைத்திருந்த நேரம் அது. "அப்பாகிட்ட நான் பேசறேன், நீ பொட்டியக் கட்டு" என்று சொல்லியிருந்தான். அதைக் கொண்டாடத்தான் போகிறோம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். காலையில், "அந்தப் பச்சைப் புடவையக் கட்டிக்க, எடுப்பா இருக்கும்" என்று வேறு சொன்னான். நான் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றாலும் கவனிக்காதவன்!

மேட்டூரில் அணையைப் பார்த்தோம். பென்னாகரம் தாண்டிக் காட்டுப்பாதையில் இறங்கினோம். பாறைகளைப் பிளந்துகொண்டு ஓடும் காவிரியைக் கண்டதும் பழத்தை மோந்து பார்க்கவே மறந்துபோனேன்.

பரிசல்துறையில் அண்ணனின் கூட்டாளி ஒருவர் தன் அம்மாவோடு 'தற்செயலாக' நின்றிருந்தார். எல்லோரும் ஒரே பரிசலில் ஏறினோம். இரண்டு பக்கமும் பனைமர உயரத்துக்குப் பாறைச் சுவர். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார்.

"முடி உன்னுதேதானா கண்ணு?"

"ஆமாங்க."

"காலைல எப்ப எந்திரிப்பே?"

"படிக்கோணும்னா நாலு மணிக்கே எந்திரிச்சுருவனுங்க."

எவ்வளவு பெருமை எனக்கு! கரையேறியதும் அந்தக் கூட்டாளிக்கு என் தட்டிலிருந்தே பொரித்த மீனை எடுத்துக் கொடுத்தேன். இப்படியும் ஒரு அசடு உண்டா?

பெண்ணிடம் சொல்லாமலே அவளைக் கோயிலிலோ கடைவீதியிலோ வைத்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லையாம். எனக்கும் தெரிந்ததுதான். சிநேகிதிகளுக்கு நடந்தபோது சிரித்திருக்கிறேன். அண்ணன் செய்வான் என்றுதான் தெரியாது.

வீடு திரும்பி இறங்கியதும் அவன் அப்பாவிடம், "அவிங்களுக்குப் புடிச்சுப் போச்சுங்கப்பா" என்றான். கோவைக்குக் கட்டிய பெட்டி அந்த ஆவணியில் மாமியார் வீட்டுக்குப் போனது.

நான் கட்டிக்கொண்ட அந்தக் கூட்டாளி நல்ல மனிதர். இந்த எலுமிச்சம்பழச் சாதம்கூட அவருக்குத்தான். அண்ணன்மேல்தான் ஆறவில்லை. அப்பா 'படிக்க வேண்டாம்' என்றிருந்தால் அழுது சண்டை போட்டிருப்பேன். இவன் பழம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தல்லவா கூட்டிப் போனான்.

அந்த அம்பாசடர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் வாங்கிய எந்தக் காரிலும் நான் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. "முன்னால வா அம்மிணி" என்று கொஞ்ச காலம் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

"அத்தை, லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன் சாமி. என்ன துணி போட்டுக்கிட்டுப் போறே?"

"அதுதானுங்க அதிசயம்! தீவாளிக்கு எடுத்த பட்டுச் சுடிதாரப் போட்டுக்கச் சொல்லி அப்பாவே சொன்னாருங்க."

பிழிந்த பழத்தைக் கீழே வைத்தேன்.

"ரூம் கதவச் சாத்திப்போட்டு உக்காரு கண்ணு. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."