தலைப்பு மாறாத பணம்

அணுபுரம் குடியிருப்பில் தர்மராஜைப் போலச் சிக்கனமான ஆள் கிடையாது என்பார்கள். அலுவலகத்தில் அவருக்கு பட்ஜெட் பிரிவு. எந்தச் செலவுக்கு ஒதுக்கிய பணமோ அந்தச் செலவுக்குத்தான். ஒரு தலைப்பில் இருப்பதை இன்னொன்றுக்குத் திருப்ப மேலிடத்து உத்தரவு வேண்டும். கல்யாணமானதும் அதே முறையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். சம்பளத்தன்று மளிகை, மருந்து, பயணம், சேமிப்பு, அவசரம் என்று கவர்களில் பணம் போட்டு பீரோவில் பூட்டுவார். வீட்டில் மேலிடமும் அவரே.

மனைவி சியாமளாவுக்கு முதலில் இதில் பெருமைதான். மாதக் கடைசியில் அக்கம்பக்கத்தார் கைமாற்று கேட்டு அலைவார்கள். அவள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

1999 ஐப்பசி மழையில் செய்யாறிலிருந்து சியாமளாவின் தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான். பயணக் கவர் காலியாகியிருந்தது.

"ஏங்க, அவசரக் கவர்லேர்ந்து குடுங்களேன்."

"உடம்பு சரியில்லாதது அவசரமா? வயசானா வர்றதுதான். ஒண்ணாம் தேதி போ."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"ஆச்சுன்னா அது அவசரம்."

செய்தித்தாளிலிருந்து அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. சியாமளா பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கைமாற்று வாங்காத வீடு என்ற பெருமை வாயைக் கட்டியது. மாதம் முடியுமுன் அம்மா செத்துப்போனாள். தர்மராஜ் சொன்ன சொல் தவறவில்லை. அவசரக் கவரைத் திறந்து கார் வைத்தார், மாலைக்கும் கொடுத்தார். வழியெல்லாம் சியாமளா அழவே இல்லை.

பி.காம். படித்தவள். அடுத்த ஆண்டு மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தாள். 2003இல் கூட்டம் குறைந்தபோது, செலவைக் குறைக்க வழி சொல்லும்படி முதலாளி கேட்டார். தோட்டத்திலோ விளக்கிலோ கைவைத்தால் விருந்தாளிகளுக்குத் தெரிந்துவிடும். தெரியாத இடமாகப் பார்த்தாள்: ஊழியர்களின் இரவுச் சாப்பாடும் முன்பணமும் நின்றன.

பாத்திரம் கழுவும் முனியம்மா ஒரு நாள் ஓடிவந்தாள். மகளுக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோ என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம்.

"பொண்ணு துடிச்சிகினு கீதும்மா. கார் வாடகைக்கு மட்டும் குடு, சம்பளத்துல புடிச்சிக்க."

"முன்பணம் நிறுத்தியாச்சு முனியம்மா. உனக்குக் குடுத்தா எல்லாரும் வருவாங்க."

"நீயும் பொம்பளதான? இன்னாம்மா இப்டிப் பேசற?"

சியாமளாவின் கைப்பையில் சொந்தப் பணம் இருந்தது. அது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று பின்னால் அவள் தங்கை கேட்டபோது, "எனக்கு யாரு குடுத்தா?" என்றாள்.

மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய வேனில் முனியம்மா மகளைக் கொண்டுபோனாள். பெண் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. சில நாளிலேயே முனியம்மா வேலைக்குத் திரும்பினாள். வராமலிருக்க அவளுக்கு வசதி ஏது? வராத நாட்களுக்கான சம்பளத்தை சியாமளா பிடித்தாள்.

ஆண்டு முடிவில் செலவு இலக்குக்குள் நின்றது. முதலாளி ஊழியர்களையெல்லாம் புல்வெளியில் கூட்டி, சியாமளாவை மேலாளராக அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்று முனியம்மாவும் தட்டினாள்.