ஒரே குழலில் குடித்தவர்கள்

நிம்ஃபா எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். செத்துப்போன தச்சன் அனாஸ்தாசியோவின் மூன்றாம் மகள். நர்ஸ் லிப்ராதாவின் மகனுக்கு ஞானத்தாய். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். பராகுவே முழுக்கக் கொரோனா ஆளை வாரிக்கொண்டு போன அந்த வருஷம், நிம்ஃபாவின் மகள் ஸுனில்தாவுக்கு மாதம் நிறையும் முன்பே பிரசவமாகி, உள்ளங்கையளவுப் பையன் குறைமாதக் குழந்தைகள் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவனுக்குப் பால் புகட்டுகிறவள் லிப்ராதாதான்.

நிம்ஃபாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அறையின் கதவுப்பிடியை பிளீச்சிங் தண்ணீரால் துடைப்பாள், நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் துடைப்பாள். ஆனால் தெரெரே குடிக்கும் வேளை வந்தால் மட்டும் துணிக்கிடங்கில் நாலு பேர் கூடிவிடுவார்கள். கசப்பு இலை அடைத்த மாட்டுக்கொம்பு ஒன்று, உறிஞ்ச இரும்புக் குழல் ஒன்று. ஐஸ் தண்ணீர் ஊற்ற ஊற்ற, கொம்பு கை மாறும். இப்படி ஒரே குழலில் குடிப்பதை டாக்டர் ஒவேலார் கண்டிப்பாகத் தடுத்திருந்தார். நீட்டிய கொம்பை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அன்று ஊற்றியது நிம்ஃபா. முதல் தண்ணீரை வழக்கப்படி புனித தோமாவுக்கென்று யாரும் குடிக்காமல் விட்டு, அடுத்ததை லிப்ராதாவிடம் நீட்டினாள். அவள் உறிஞ்சிவிட்டு முகம் சுளித்தாள்.

"என்ன கொமாத்ரே, இலை வாங்கினியா, வைக்கோல் வாங்கினியா? பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு."

சலவைக்கார எலாடியோ சிரித்தான். "அவ கஞ்சத்தனம் தெரியாதா? நேத்து இலையைக் காயவெச்சுக் கொண்டாந்திருப்பா!"

நிம்ஃபாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொம்பைப் பிடுங்கி, அதே குழலில் ஒரு இழுப்பு இழுத்தாள். நாக்கில் விஷமாய்க் கசந்தது.

"எனக்குக் கசக்குதே..."

சிரிப்பு நின்றது. ருசி போனால் என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர் இல்லை.

"காலையில என் பேரனுக்குப் பால் குடுத்தியா?"

"குடுத்தேன். மாஸ்க் போட்டுத்தான் குடுத்தேன். இது வெறும் சளி, கொமாத்ரே. வெளிய சொல்லிடாத, நாலு பேர் வேலையும் போயிரும்." லிப்ராதா கதவை மறித்தாள்.

"வழி விடு, லிப்ராதா."

அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. லிப்ராதா விலகிவிட்டாள்.

நிம்ஃபா போய்ச் சொன்னது முழுவதையும் டாக்டர் ஒவேலார் எட்ட நின்று கேட்டார். திட்டவில்லை; உடனே ஆட்களைக் கூப்பிட்டார். குழந்தைகள் அறையை அடைத்தார்கள், பிஞ்சு மூக்குகளில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். முடிவு நாளைக்குத்தான் என்றார்கள். நால்வரையும் பின்வாசல் வழியே வெளியேற்றினார்கள்.

எதிரே பஸ்ஸிலிருந்து ஸுனில்தா இறங்கினாள், பீய்ச்சிய பாலைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு.

"ஏம்மா வெளியில நிக்கற? பையன் எப்படி இருக்கான்?"

"கிட்ட வராத! அங்கயே நில்லு!"

தெருவுக்கு இந்தப்பக்கமிருந்தே நடந்ததை நிம்ஃபா கத்திக் கத்திச் சொல்லி முடித்தாள்.

"நீயுமா குடிச்ச?"

"ஆமாடி."

"தினமுமா?"

"தினமும்தான்."

ஸுனில்தா அழவில்லை. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் துடித்த நிம்ஃபா, போய்விடாதபடி கேட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இதையும் தொட்டுவிட்டோமே என்று மறுகணமே கையை எடுத்துவிட்டாள்.