சரஸ்வதி டீச்சரின் பச்சை மீன்

திருநீர்மலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படியிறங்கும்போது போன் வந்தது. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான் கார்த்திக், சரஸ்வதி டீச்சரின் ஒரே மகன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு டீச்சரை உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மீனைப் பற்றித் தெரிந்திருக்காது.

ரிடையரான பிறகு அவருக்குத் துணை விரல்நீளப் பச்சை மீன் ஒன்றுதான். கோவளத்துப் பாறையிடுக்கில் வாழ்கிற ஜாதி. இங்கிலீஷில் 'ராஸ்' என்பார். வலையில் சிக்கியதைக் கேட்டு வாங்கிவந்து, கண்ணாடித் தொட்டியில் கடல்மண் பரப்பி வளர்த்தார். கடல்தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ்ஸில் கொண்டுவருவார்.

"கண்டக்டர் கேனுக்கும் டிக்கெட் கேக்கப்போறான், டீச்சர்."

"கேக்கட்டுமே. சமுத்திரமே என் மடியில ஒக்காந்து வருது, எடுக்கமாட்டேனா?"

விளக்கு வைக்கும் நேரமானால் அந்த மீன் மண்ணுக்குள் புகுந்து தூங்கிவிடும். முதல்முறை, "ஐயையோ, மீனைக் காணோம்!" என்று அலறினேன்.

"கத்தாத பத்மா. உங்க பெருமாளுக்கு நடை சாத்தினா, போய்க் கதவத் தட்டுவியா?"

மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததில் டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பெங்களூரிலிருந்து வந்த மகனிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்: "தொட்டி மண்ணை மட்டும் தொடாதடா." அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் கண்ணில் மீன் படவில்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டான். மண்ணை வாசல் ரோஜாச் செடிக்குக் கொட்டினான்.

டீச்சர் வீல்சேரில் வீடு திரும்பினார்.

"மீன் எங்கடா?"

"செத்துடுச்சும்மா."

"செத்ததப் பாத்தியா?"

"இருந்தாத்தானே பாக்கறதுக்கு?"

டீச்சர் என்னை ரோஜாச் செடியருகே வண்டியைத் தள்ளச் சொன்னார். குனிய முடியாமல் குனிந்து, மண்ணை விரலால் கிளறினார். காய்ந்து சுருண்டு கிடந்தது.

"ஸாரிம்மா. ஆன்லைன்ல கலர் கலரா வருது, வேற வாங்கித் தரேன்."

"சரிப்பா" என்றார்.

அன்றிலிருந்து சோற்றை ஒதுக்க ஆரம்பித்தார். ஒரு வாயாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சினால், "தேடாமயே முடிவு பண்ணிட்டான், பத்மா" என்பார்.

இரங்கல் கூட்டத்தில், "அம்மாவுக்கு ஒரு குறையும் வெக்கல" என்று பேசினான். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள்.

"அவன்மேல கோவப்படாத" என்று டீச்சர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். எதையும் பெருமாள் காலடியில் போட்டுவிட்டு வருகிறவள் நான். இந்தக் கோபத்தை மட்டும் போட மனம் வரவில்லை. டீச்சர் நினைவாக இது என்னிடமே இருக்கட்டும்.