புல்வெளிக்குப் போன தண்ணீர்

ஏப்ரல் மாத வெயிலில் பேராசிரியரின் புல்வெளி நடுவே ஒரு தண்ணீர் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருக்கும். டிக் டிக் என்று ஒரு பக்கமாகவே போய், கடைசியில் சர்ரென்று திரும்பி வரும். திரும்பும்போதெல்லாம் வராந்தா ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் என் மடிக்கணினிமேல் இரண்டு துளி தெறிக்கும். நான் முந்தானையால் துடைத்துக்கொள்வேன். பேராசிரியர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உழைக்கும் மக்களின் தாகம்..." என்று சொல்லி நிறுத்துவார். அடுத்த சொல்லுக்காகக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தத் தாகத்தை அடித்து முடித்துவிட்டு நான் காத்திருப்பேன்.

கோத்தகிரி கடைவீதியில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்யும் சின்னக் கடை என்னுடையது. கல்யாணமாகி மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தவள் நான். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கீழ் கோத்தகிரிக்குப் போய், பேராசிரியர் வாயால் சொல்லும் கட்டுரைகளை அடித்துக் கொடுப்பது சில வருடங்கள் என் வேலையாக இருந்தது. அவர் சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அப்பா விட்டுப்போன பங்களாவில் குடியிருந்தார். கேட்டில் 'குடில்' என்று பலகை தொங்கும். கணப்படுப்பு வைத்த அறைகளே மூன்று இருந்தன அந்தக் குடிலில். சனிக்கிழமை மாலையில் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரும். கேரட் கேக் வெட்டுவார்கள், பெரிய பெரிய தேசங்களின் புரட்சிகளைப் பிரித்து மேய்வார்கள். மாற்றம் வந்தே தீரும் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அது வரும்வரை உட்கார்ந்திருக்கத்தான் மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தன. இருட்டுவதற்குள் கார்கள் மலையிறங்கிவிடும்.

பங்களாவுக்கு மேலே, அவருடைய நிலத்திலேயே, ஓர் ஊற்று. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட குழாய் அதிலிருந்து பங்களாத் தொட்டிக்கு வரும். தொட்டி நிரம்பி வழிவது இன்னொரு குழாய் வழியாகக் கீழே தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போகும். லயத்தில் இருந்தவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். தண்ணீர் கொட்டும் அந்த இடத்தைப் பீலி என்பார்கள். தோட்டம் கைமாறி, லயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டாரைப் புது முதலாளி நிறுத்திய பிறகு அவர்களுக்கு அந்தப் பீலி ஒன்றுதான் கதி. பங்களாத் தோட்டங்களுக்குள் நடக்கும் போட்டி ஒவ்வொரு மே மாதமும் வரும். அதற்காகப் பேராசிரியர் மார்ச்சிலேயே புல்வெளியை நனைக்க ஆரம்பித்துவிடுவார். தொட்டி வழியாது, பீலி காய்ந்துவிடும். பெண்கள் விடிகாலையில் குடங்களைத் தூக்கிக்கொண்டு, காட்டெருமை நிற்கும் பள்ளத்து ஓடைக்கு இறங்குவார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. வராந்தாவிலிருந்து பார்த்தால் அந்தப் பாதை நன்றாகவே தெரியும்.

பங்களாவில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அந்த லயத்துக்காரர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த வருடம் அவர் மருமகள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஓடைக்கு அவளை அனுப்ப முடியாது. பிள்ளை பிறந்தபின் துணி அலச, குளிப்பாட்ட, தண்ணீருக்கு எங்கே போவது? அந்த ஒரு கவலைதான் அக்காவுக்கு. பாத்திரம் கழுவும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை விருந்தாளிகள் நிறைய. பேராசிரியர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "ஊற்று எவனுக்கும் சொந்தமில்லை. தண்ணீரை எடுக்கிறவனுக்கு எவனுடைய அனுமதியும் தேவையில்லை" என்றார். கை தட்டினார்கள். டீ கொண்டுவந்த அக்கா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நானும் பார்த்தேன், அவர் முகமே மாறிப்போனது. தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய மனிதர் நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொன்னால் அது கொடுத்ததாகவே அர்த்தம். துரைமார் காலத்திலிருந்தே அப்படித்தான். பேச்சு வேறு, கொடுப்பது வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் அந்தப் பேச்சையே கட்டுரையாக்க என்னை வரச்சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது லயமே ஊற்றங்கரையில் நின்றது. புதுப் பீலி திறக்கும்போது செய்வதுபோல மஞ்சள் தெளித்து, தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் வைத்திருந்தார்கள். தோளில் ரப்பர் குழாய்ச் சுருளோடு ஆண்கள் காத்திருந்தார்கள். பேராசிரியருக்கு ஒரு மாலைகூட வாங்கி வந்திருந்தார்கள். "ஐயா கையால தொறந்து வைக்கணும். மருமக புள்ளைக்கு ஐயா பேரத்தான் வைக்கப் போறோம்" என்றார் அக்கா.

பேராசிரியரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் படித்தவர் அல்லவா, தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. கண் கற்பூரத்தின் மேல் போனது. "கற்பூரம் காட்டினால்தான் தண்ணீர் வருமா? இன்னும் இந்த மூடநம்பிக்கையிலேயே கிடக்கிறீர்களே" என்று ஆரம்பித்தார். வெயில் ஏறும்வரை பகுத்தறிவு பேசினார். அத்தனை பேரும் தப்புச் செய்த பிள்ளைகளைப்போலக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில், "நான் குழாயைத் திறந்துவிட்டால் அது பிச்சை. பிச்சை உங்களை அடிமையாக்கும். அரசிடம் போராடிப் பெறுங்கள். நானே முன்னால் நிற்கிறேன்" என்றார். அதையும் நம்பினார்கள். கற்பூரத்தைக் கொளுத்தாமலே மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "எழுதிக்கொள்ளுங்கள் அம்மா" என்று கட்டுரையைத் தொடங்கினார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று ஊரில் சொல்வார்கள். இவர் ராமாயணத்தையும் படிக்கமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

போராட்டத்துக்கு நாள் குறித்ததும் அவர்தான். அன்றைய பேரை இழந்து, அதாவது அன்றைய கூலியை விட்டுவிட்டு, லயத்து ஜனங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தார்கள். என் கடைக்குப் பக்கம்தான், நானும் போய் நின்றேன். அவரை மட்டும் காணோம். போன் செய்தேன். "தொண்டை கட்டிக்கொண்டது அம்மா. மனத்தளவில் உங்களோடுதான் நிற்கிறேன்" என்றார். பின்னால் யாரோ, "இந்த டேலியா உங்க சொந்த நாத்துங்களா சார்?" என்று கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. "ஒரு நிமிஷம், இதோ வந்துவிட்டேன்" என்று கட்டிய தொண்டை கணீரென்று பதில் சொன்னது. போட்டியின் நடுவர்கள் அன்றைக்கு வருவது அவருக்கு முன்பே தெரியும் என்று பங்களாத் தோட்டக்காரர் பிறகு சொன்னார்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். வெளியே வந்து அக்காவிடம் பேசினார். "ஏம்மா, ஊத்து அவரு நெலத்துல இருக்குது. அவரு சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பைப்பு பஞ்சாயத்துல நாங்களே போட்டுத் தர்றோம். அவரு எங்கீங்கம்மா?" என்றார். அரசாங்கம் கொடுக்கத் தயாராக இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். சாமியே இல்லை என்று சொல்கிற பூசாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் அக்காவும் நானும் அவர் முன்னால் போய் நின்றோம். "ஏனுங்க சார், நீங்க சரின்னா நாளைக்கே வேலை ஆரம்பிச்சுருவாங்களாமா" என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தனிமனிதர்கள் விட்டுக்கொடுத்தால் அமைப்பு தப்பித்துக்கொள்ளும், அரசு தன் கடமையை மறந்துவிடும் என்றார். அக்கா தலைகுனியவில்லை. "அரசாங்கம் தப்பிச்சா தப்பிச்சிட்டுப் போகட்டும் ஐயா. பச்சப்புள்ளைக்குத் தண்ணி வேணும்" என்றார். அவர் புல்வெளியைப் பார்த்தார். நிலப் பத்திரம் வெளிநாட்டிலிருக்கும் மகன் பெயரில் இருக்கிறது, யோசிக்க வேண்டும் என்றார். யோசித்து முடிப்பதற்குள் முதல் பரிசுக் கோப்பை வந்துவிட்டது. புரட்சிப் புத்தகங்களை ஒதுக்கி அதற்கு இடம் செய்தார்.

திரும்பி இறங்கும்போது அக்கா சொன்னது இன்னும் எனக்கு மறக்கவில்லை. "அங்கிட்டு சிலோன்ல இருந்த தொர இல்லைன்னா இல்லதான் தங்கச்சி. நாங்களும் வேற வழி பாப்போம். இவரு ஆமா ஆமான்னே எங்களக் காய வச்சிட்டாரு."

வசதியாக இருப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் வெந்நீரில் குளிக்கத்தான் பிடிக்கிறது. பணக்காரன் தன் தொட்டியைப் பூட்டிக்கொண்டு பேசாமல் இருந்தால் அவனைப் பற்றி எழுத எனக்கு என்ன வந்தது? அவனிடம் யாரும் எதிர்பார்த்துப் போவதில்லை. இவர் தன்னுடைய ஒரு திருகுக் குழாயைத் திறக்காமல் இருப்பதற்காக உலகத்தையே மாற்ற வேண்டும் என்றார். உலகம் மாறாதவரை அவருக்கு நல்லது. மாறியிருந்தால் முதலில் அந்தப் புல்வெளி அல்லவா காய்ந்திருக்கும். எனக்கு அவர்மேல் கோபம்கூட அதிக நாள் நிற்கவில்லை. சீ என்று போய்விட்டது. அதன்பின் சனிக்கிழமை பஸ் ஏறவில்லை.

அந்த மே முடிவதற்குள் அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள். குழந்தையின் துணிகளை எல்லாம் அக்காதான் ஓடையில் அலசினார். ஒரு காலை காட்டெருமை துரத்தி, பாறையில் விழுந்து கை ஒடிந்தது. அவர் மகன் அதற்குமேல் பொறுக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை தேடிக்கொண்டு குடும்பத்தையே கூட்டிப்போனான். போகும்போது அக்கா கட்டுப்போட்ட கையோடு என் கடைக்கு வந்து குழந்தையைக் காட்டிவிட்டுப் போனார். அவர்களைப் பார்த்து மற்ற குடும்பங்களும் ஒவ்வொன்றாக மலையிறங்கின. லயத்தில் இப்போது ஒரு கிழவரும் சில நாய்களும்தான்.

போன ஐப்பசி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பத்திரிகையிலிருந்து பேராசிரியரைப் படமெடுக்க வந்தார்கள். தேயிலைச் சரிவெல்லாம் தண்ணீர் ஓடும் அந்த மாதத்தில், அவர் குடை பிடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிவந்து பீலியைத் திறந்து வைத்தார். "இது மக்களின் வெற்றி" என்று பேசினாராம். அந்தப் பேச்சை அடித்துத் தரக் கேட்டு எனக்கு ஆள் அனுப்பினார். வேறு கடை பார்க்கச் சொல்லிவிட்டேன். மனசு ஆறவில்லை, அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பீலி தொறந்துட்டாருங்கக்கா. இப்ப ராவும் பகலும் கொட்டுதுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சத்தம், பெண்கள் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். "அப்புடியா தங்கச்சி. நல்லாருக்கட்டும்" என்றார் அக்கா. பிறகு, "லாரி வந்துருச்சு. இப்ப விட்டா நாளாண்டைக்குத்தான் தண்ணி, வச்சிர்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.